எறிகிற கை

1997ஆம் ஆண்டு மல்லாவியில் ஒரு சிறுவனின் கிரிக்கெட்டை நான் மூன்று பந்துகளில் முடித்துவைத்தேன். இதுவரை இதை எங்கும் எழுதியதில்லை.

1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பின்னர், கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். மல்லாவியில் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இடையில் மாலை வேளைகளில் ஆட்டங்கள் நடக்கும். நடுவர் வேலைக்கு என்னைத்தான் பிடிப்பார்கள். பத்திரிகைக்காரனுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்றொரு நம்பிக்கை அன்று இருந்தது, எனக்கும் இருந்தது.

அவன் ஊர்ப் பிள்ளை. பதினைந்து வயதிருக்கும். தகப்பனின் வயலில் கிளியையும் குரங்கையும் கலைத்தே வளர்ந்த கை. பந்து அந்தக் கையிலிருந்து புறப்பட்டால் துடுப்பாட்டக்காரன் மட்டையை அசைக்குமுன் விக்கெட் காப்பாளனின் கைக்குள் இருக்கும். ஆனால் முழங்கை மடங்கி நிமிர்ந்தது. மாங்காய்க்குக் கல்லெறிவது போன்ற வீச்சு. முதற் பந்துக்கு 'நோ போல்' என்றேன். இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதற்குக் கை நீட்டியபோது சுற்றிநின்றவர்கள் சிரித்தார்கள். அவன் பந்தை என் காலடியில் வைத்துவிட்டு எல்லைக்கோட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு அவன் பந்து வீசி நான் பார்க்கவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் டரல் ஹெயர் முத்தையா முரளிதரனுக்கு ஏழு தடவை நோ போல் கொடுத்த செய்தியை, மின்சாரமில்லாத அந்நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் கேட்டு, ஹெயரை வாயாரத் திட்டியவன் நான். முரளிக்குப் பின்னால் நிற்க ஆட்கள் இருந்தார்கள். கண்டி அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையனைச் சுழற்பந்துக்குத் திருப்பிவிட்டவர் சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுநர். மல்லாவிப் பையனுக்குப் பின்னால் நின்றது நான்தான். அதுவும் விரலை நீட்டிக்கொண்டு.

இந்தப் பழைய கணக்கை எனக்கு மீண்டும் எடுத்துக்காட்டியது ஒரு பேஸ்போல் கதை. 2014இல் வந்த 'மில்லியன் டொலர் ஆர்ம்' என்ற படத்தை, ஏ. ஆர். ரகுமானின் இசைக்காக என்று சொல்லிக்கொண்டு பார்த்தேன். படத்தைவிட அதில் வரும் டொம் ஹவுஸ் என்ற பயிற்றுநரே என்னைப் பிடித்துக்கொண்டார். உண்மையான மனிதர். 1947இல் பிறந்தவர். 1971 முதல் 1978 வரை அமெரிக்காவின் பெருங்கழகங்களில் இடக்கையால் எறிந்தவர். பெரிய நட்சத்திரம் அல்லர். 1974இல் ஹாங்க் ஆரோன் தமது 715ஆவது ஹோம் ரன்னை அடித்தபோது, வேலிக்கப்பால் வந்து விழுந்த அந்தப் பந்தைப் பிடித்தவர் இவர்தான். உளவியலில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1985 முதல் 1992 வரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியில் எறிவாளர்களுக்கு மட்டுமான பயிற்றுநர். எறிவாளர்களை அமெரிக்கக் காற்பந்தாட்டப் பந்தை எறியவைத்துப் பழக்கியதற்காக அவரைக் கேலி செய்தார்கள். அவரிடம் பயின்ற நோலன் ரயன் நாற்பத்துநான்கு வயதிலும், எதிரணிக்கு ஓர் அடியைக்கூட விட்டுக்கொடுக்காத ஆட்டமொன்றை எறிந்து முடித்தார்.

பின்னர் தாம் படித்த தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலேயே ஹவுஸ் பயிற்றுநராக இருந்தபோது, 2008இல் அவரிடம் இரண்டு இந்தியப் பையன்கள் வந்தார்கள். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிவாளர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும். பேஸ்போல் என்றால் என்னவென்றே அறியாதவர்கள். மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து ஒரு இலட்சம் டொலர் போட்டியை ரிங்கு வென்றிருந்தார். ஈட்டி எறிந்து பழகிய கைகளைத் தவறென்று ஹவுஸ் ஒதுக்கவில்லை. அந்தக் கைகளில் இருந்ததை வைத்துக்கொண்டே தொடங்கினார். அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பேர்க் பைரட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. இருவரும் பெருங்கழக ஆட்டத்தை எட்டவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். படம் அதைச் சொல்ல விரும்பாது.

அதே 2008 நவம்பரில் எங்கள் சனம் கிளிநொச்சியை விட்டுத் தருமபுரம், விசுவமடு என்று தறப்பாள்களோடு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. மடங்கிய முழங்கை எறியும்போது நிமிர்ந்தால் கிரிக்கெட்டில் குற்றம். பேஸ்போலில் அதுவே தொழில் என்ற செய்தி அந்தப் பக்கம் யாருக்குத் தெரிந்திருக்கும்? எனக்கே தெரியாது.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் ஒட்டுசுட்டானுக்குப் போயிருந்தபோது, வயற்கரையில் ஒருவர் உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நாற்பதை நெருங்கும் முகம். எனக்கு ஆளைத் தெரியவில்லை.

"ஐயா, மல்லாவியிலை எனக்கு மூண்டு நோபோல் தந்தனீங்கள்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதை விடுங்கோ. அண்டைக்கு எறிஞ்சது எறிதான்" என்று சிரித்தார். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். இரண்டு பேர். மூத்தவன் பள்ளிக்கூட அணியில் துடுப்பாடுகிறானாம். பந்து வீசுவதில்லையாம்.

பேச்சின் நடுவே வரம்பில் குரங்குக் கூட்டமொன்று இறங்கியது. அவர் குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தார். அது எனக்குக் கண் தெரிகிற தூரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது.