பாக்கெட் இல்லாத நைட்டி

என் ஊர் தளவாய்புரம்னு சொன்னா ஹாஸ்டல்ல பாதிப் பேருக்குத் தெரியாது. ராஜபாளையம் பக்கம், நைட்டி தைக்கிற ஊர்னு சொன்னா மட்டும், "அப்போ எங்க அம்மா போடுறது உங்க ஊரு நைட்டியா?"ன்னு கேப்பாங்க. இருக்கலாம். எங்க ஊர், முகவூர், செட்டியார்பட்டின்னு எங்க நடந்தாலும் தையல் மெஷின் சத்தம் கூடவே வரும்.

நைட்டி ரொம்ப சாதாரண உடுப்பு. ஏறக்குறைய மூணு மீட்டர் காட்டன், முன்னாடி ஒரு ஜிப், ரெண்டு கை. வித்தியாசம் காட்ட இருக்கிற ஒரே இடம் நெஞ்சுப் பக்கம் வர்ற யோக். வேற கலர்ல பைப்பிங், எம்பிராய்டரி பட்டை, லேஸ், எல்லாம் அங்கதான் வரும். ஏன் அங்க மட்டும்? கடையில மடிச்சு அடுக்கினா வெளிய தெரியுறது அந்த இடம்தான். பக்கவாட்டுல பாக்கெட் வச்சா மடிப்புக்குள்ள மறைஞ்சுடும், விலையும் கூடுதலா கேக்க முடியாது. எங்கம்மா பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவங்க. நாள் பூரா நைட்டி தைச்சுட்டு, தன்னோட போனை இடுப்புப் பாவாடையில சொருகி வச்சிருப்பாங்க.

பிளெய்ன் குர்த்தியை மாத்தணும்னு என்கிட்ட வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது பாக்கெட்தான். பக்கத் தையலை ஒரு ஆறு இஞ்ச் பிரிச்சு, கை நுழையுற அளவுக்கு ரெண்டு துண்டு வெட்டி உள்பக்கம் சேர்த்துத் தைக்கணும். துண்டு வேற கலரா இருந்தா கை விடும்போது லேசா எட்டிப் பார்க்கும், அழகா இருக்கும். பிரிச்ச இடத்தோட ரெண்டு முனையிலயும் மூணு தடவை முன்னும் பின்னும் தையல் ஓட்டணும். கிழியுறது எப்பவும் மூலையில இருந்துதான் ஆரம்பிக்கும். மெக்கானிக்கல் மக்களே, ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன், ஞாபகம் இருக்கா?

லேஸ் வைக்கிறதா இருந்தா துணியை முதல்ல துவைச்சுக் காயப் போடணும். புதுக் காட்டன் சுருங்கும், நைலான் லேஸ் சுருங்காது. துவைக்காம தைச்சா முதல் சலவையிலயே கழுத்து முழுக்க அலை அலையா நிக்கும். லேப்ல பார்த்த பைமெட்டாலிக் ஸ்ட்ரிப் வளையுற கதைதான், அங்க சூடு, இங்க தண்ணி. பெயின்ட் அடிக்கிறவங்க ஒரு நாள் நல்லா காயவிட்டு, திருப்பிப் போட்டு உள்பக்கமா அயர்ன் பண்ணுங்க. அதுக்கு மேல பெயின்ட்டைப் பத்தி எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல, நான் ஊசி கட்சி.

போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனப்ப, ஃப்ரெண்ட்ஸோட நாலு குர்த்தியை எடுத்துட்டுப் போய் வீட்டு மெஷின்ல பாக்கெட் வச்சேன். அம்மா ஒண்ணைத் திருப்பிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, "எம்புட்டு வாங்குற?"ன்னு கேட்டாங்க.

"ஃப்ரெண்ட்ஸ்தானம்மா."

"மெஷின்ல உக்காந்தா ஃப்ரெண்டுக்கும் இடுப்பு வலிக்கத்தான் செய்யும்."

அதுக்கு மேல அவங்க ஒண்ணும் சொல்லல. ஒரு பீஸுக்கு அரை ரூபா கூட்டிக் கேக்க எத்தனை பேர் முன்னாடி அவங்க நின்னிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். யோக்ல ஒரு புது டிசைன் யோசிச்சது யாருன்னு எந்த நைட்டியிலயும் எழுதியிருக்காது. கேம்பஸ் இன்டர்வியூல "சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"ன்னு கேட்டா, பதில் சொல்ல நமக்கு ட்ரெய்னிங் குடுக்கிறாங்க. அம்மாவை அந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.

அந்த லீவுலயே அவங்க நைட்டி மூணுலயும் பாக்கெட் வச்சுட்டேன். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா ஒரு பாக்கெட்ல போன், இன்னொண்ணுல பாபின் கேஸ், சில்லறை. பக்கத்து வீட்டு அத்தைக்கும் வேணுமாம்.

இப்போ என் ரேட்: ஒரு பாக்கெட் அறுபது ரூபா, ரெண்டுன்னா நூறு. நூலும் உள்துணியும் என்னோடது. துணியைத் துவைச்சுக் கொண்டு வாங்க.