பத்து மரத் தூக்கம்

"நாய் குறுக்க வந்துருச்சும்மா" என்றுதான் அண்ணன் சொன்னான். வலப்பக்கக் காறை எலும்பு முறிந்து, கன்னத்தில் தார்ச்சாலை தேய்த்த காயத்தோடு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தான். அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே, "சனியன் புடிச்ச நாயி" என்று ஒருமுறை சொன்னார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா கீழே தேநீர் வாங்கப் போனதும் நான் கேட்டேன். "எந்த எடத்துலண்ணே? யாரு வீட்டு நாய்?"

அண்ணன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாயெல்லாம் இல்ல பாப்பா. சிலியாவ் முச்சந்தி தாண்டுனது ஞாபகம் இருக்கு. அப்புறம் கண்ணத் தொறந்தா கால்வாயில கெடக்குறேன். அம்மாகிட்ட சொல்லிடாத."

நான் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ரந்தாவுக்கும் லிங்கிக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு. அண்ணன் செனவாங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். இரவு ஏழு முதல் காலை ஏழு வரை ஒரு ஷிப்ட். தொழிற்சாலைப் பேருந்து தாமான்களுக்குள் போகும், தோட்டத்துக்குள் வராது. ஆகவே மோட்டார்தான். அன்று அவனுக்குத் தொடர்ந்து நான்காவது இரவு வேலை. முதல்நாள் பகலில் தகரக் கூரை சூடேறி, பதினோரு மணிக்கே வியர்த்து எழுந்துவிட்டான். பதினோரு மணிக்கு எழுந்தவன் மறுநாள் காலை ஏழரைக்கு மோட்டார் ஓட்டுகிறான் என்றால் எத்தனை மணி நேரம்? இருபதரை. இந்தக் கணக்கை அன்று யாரும் போடவில்லை. நானும் போடவில்லை.

பிறகுதான் போட்டேன். விடுதிக்குத் திரும்பியவள், இடுபணிக்குத் தேடவேண்டியதை விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். ஆஸ்திரேலியாவின் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கிடைத்தது. ஒருவர் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், அவருடைய கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரைப் போலத் தடுமாறுமாம். ஒரு முழுநாள் விழித்திருந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம் நாட்டில் 2020-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தியபோது வாகனமோட்டிக்கு வைத்த எல்லையும் அதேதான். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது. எங்கள் அண்ணன் பீர் குடித்ததே இல்லை. ஆனால் அன்று காலை அவன் குடித்தவனைப் போலத்தான் ஓட்டி வந்திருக்கிறான். போலீஸ்காரரிடம் மூச்சை ஊதிக் காட்டுகிற கருவி இருக்கிறது. தூக்கத்தை ஊதிக் காட்ட என்ன இருக்கிறது?

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். களைத்த மூளை, நம்மைக் கேட்காமலே சில நொடிகள் தன்னை அணைத்துக்கொள்ளும். கண் திறந்திருந்தாலும் அணைந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறான். நான்கு நொடி என்றால் 88 மீட்டர். எங்கள் சாலையின் இரு பக்கமும் செம்பனை. மரத்துக்கு மரம் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளி விட்டு நடுவார்கள். அப்படியென்றால் பத்து மரம். அண்ணன் பத்து மரத் தூரம் தூங்கிக்கொண்டே வந்திருக்கிறான். அடுத்த விடுமுறையில் பேருந்திலிருந்து இறங்கி நடந்தபோது சாலையோர மரங்களை எண்ணினேன். பத்தாவது மரத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். ரொம்ப தூரம்.

எங்கள் தோட்டத்தில் தூக்கத்துக்கு நல்ல பெயர் கிடையாது. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும்போது மேசைமேல் கவிழ்ந்து தூங்கிய ஒரு மாணவனை எழுப்பி நிறுத்தி, ஆசிரியர் ஒரு குறளை ஒப்பிக்கச் சொன்னார். காலந்தாழ்த்துதல், மறதி, சோம்பல், தூக்கம் இந்த நான்கும் கெட்டுப்போகிறவன் விரும்பி ஏறும் மரக்கலங்கள் என்று வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில் சொல்லும் குறள்தான் அது. அந்த மாணவனும் அழகாக ஒப்பித்தான். அவன் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே அறை என்பது குறளில் இல்லை. கோவில் திருவிழா ஒலிபெருக்கியில் 1958-இல் வந்த 'நாடோடி மன்னன்' படப் பாட்டும் தவறாமல் ஒலிக்கும். பட்டுக்கோட்டையார் தம்பியை எழுப்புகிற பாட்டு. எனக்கும் பிடித்த பாட்டுத்தான். வள்ளுவரும் பட்டுக்கோட்டையாரும் சோம்பேறியின் தூக்கத்தைச் சொன்னார்கள். நாம் அதை உழைப்பவன் தூக்கத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டோம் என்பது என் எண்ணம்.

பள்ளிக்கூடத் திடலில் நிற்கும் பெரிய மரத்துக்குக்கூட நாம் தூங்குமூஞ்சி மரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். மாலையானால் இலையை மூடிக்கொள்கிறதாம், அதனால் தூங்குமூஞ்சி. அதே மரத்தை மலாய்க்காரர்கள் 'புக்குல் லிமா' என்கிறார்கள், ஐந்து மணி மரம். நாம் திட்டினோம், அவர்கள் மணி பார்த்துக்கொண்டார்கள்! இடைநிலைப்பள்ளியில் என் பக்கத்து இருக்கை மலாய்த் தோழி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

1729-இல் பிரான்சில் தெ மெரான் என்ற வானியல் அறிஞர், இப்படி மாலையில் சுருங்கும் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சமே படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் அது பகலில் விரிந்தது, இரவில் சுருங்கியது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது அங்கிருந்துதான் தெரிய ஆரம்பித்தது. அந்தக் கடிகாரம் உயிரணுக்குள் எப்படி ஓடுகிறது என்று ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செடிக்கும் ஈக்கும் உள்ள கடிகாரம் அண்ணனுக்கும் உண்டு. அவன் ஏழு மணிக்கு வேலைக்குப் போனாலும் அவன் உடம்பு, "நேரமாச்சு, படு" என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும். விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை அந்தக் குரல் மிக உரக்கக் கேட்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2007-இலேயே, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவு வேலை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் சேர்த்துவிட்டது.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னபோது, "இதுக்குப் போயி பரிசு குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இரப்பர் மரத்தை இருட்டில் வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. இரவில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை. அதனால் விடியலுக்கு முன் பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து மங்கில் விழும் பாலும் குறையும். எனவே மனிதர் தூக்கத்தை மரந்தான் முடிவு செய்தது. பாட்டி நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓடுவார். ஆனால் மதியம் பாலை ஸ்டோரில் ஊற்றி வீடு திரும்பியதும் குளித்துச் சாப்பிட்டு, சிமெண்டுத் தரையில் பாயை விரித்து ஒரு மணி நேரமாவது படுப்பார். லயமே படுக்கும். அந்த நேரத்தில் யாராவது வானொலியைச் சத்தமாக வைத்தால் சண்டை வரும். இரவு ஒன்பதுக்கெல்லாம் மறுபடி படுக்கை. பாட்டி சொல்வதைக் கேட்டால் ஏதோ பொற்காலம் போலிருக்கும், அப்படியில்லை. கொசுவும் கடனும் குடிகாரத் தாத்தாவும் இருந்த இரவுகள் அவை. ஆனாலும் மதியத் தூக்கத்தை யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை.

பிடுங்கியது ஒரே ஒருமுறைதான் என்பார். 1981 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு. பதினொன்றரை மணி அடித்ததும் தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் திருப்பினார்கள். சபா, சரவாக்கோடு ஒரே நேரம் இருக்கவேண்டும் என்பதற்காக. "அரமணி நேரத்த கவர்மெண்டு எடுத்துக்கிச்சு. இன்னும் திருப்பிக் குடுக்கல" என்று பாட்டி இன்றும் சொல்வார். எங்கள் தோட்டத்தில் பெரட்டு மணியை அரை மணி தள்ளி வைத்துவிட்டார்களாம். மரத்துக்கு மணி தெரியாதே! கிராணி எண்ணை மாற்றினார், மரம் பழைய இருட்டிலேயே நின்றது.

பாட்டி வேடிக்கையாகச் சொன்னதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிரம்பானில் சூரியன் உச்சிக்கு வரும்போது நம் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு இல்லை, ஒன்று பத்தைப் போல ஆகியிருக்கும். இடைநிலைப்பள்ளிக்கு எங்களை ஏற்றிச் செல்ல வேன் வரும் நேரம் ஐந்து ஐம்பது. சூரியக் கணக்கில் அப்போது மணி நான்கு நாற்பதுதான். பதின்ம வயதில் தூக்கம் வரும் நேரம் இயற்கையாகவே பின்னால் தள்ளிப்போகும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பதினொன்றுக்குக் கண்ணயர்ந்து, ஐந்துக்கு எழுந்து, வேனில் தலையாட்டிக்கொண்டே போய் முதல் பாடத்தில் விழித்தபடி தூங்கினேன். 'தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனமில்லை' என்று சொன்ன ஆசிரியர் ஒருவரை எனக்கு நினைவிருக்கிறது. அவர் வீடு பள்ளிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அண்ணனுக்குக் கை சேர இரண்டு மாதங்களுக்கு மேல் ஆனது. வேலைக்குப் போகும் வழி, வரும் வழி விபத்தும் சொக்சோவில் அடங்கும் என்பதால் கொஞ்சம் பணம் கிடைத்தது. அந்த நாள்களில் நான் கற்றதையெல்லாம் அவன்மேல் சோதித்துப் பார்த்தேன். சொல்லவேண்டுமானால், பெரும்பாலும் பாட்டி செய்ததுதான். அறை குளிர்ந்தால்தான் உடம்பு உறங்கும். உடற்சூடு சற்று இறங்குவதே தூக்கத்தின் வாசல். தகரத்தின்கீழ் போட்ட மெத்தையைவிடத் தரையில் போட்ட பாய் நல்லது. படுக்குமுன் வெதுவெதுப்பான நீரில் குளித்தால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து உட்சூடு வெளியேறும். எண்ணெய் தேய்த்துக் குளித்த சனிக்கிழமை மதியம் எல்லாரும் ஏன் சாய்ந்தார்கள் என்பது எனக்கு இப்போதுதான் விளங்கியது. இரவு வேலையில் கோப்பி குடிப்பதானால் நள்ளிரவோடு நிறுத்திவிட வேண்டும். ஐந்து மணி நேரம் கழிந்தும் அதில் பாதி உடம்பிலேயே இருக்கும். சன்னலுக்குக் கறுப்புத் துணி. கைத்தொலைபேசி சமையலறையில்.

"நீ செய்யுறியா இதெல்லாம்?" என்று அண்ணன் கேட்டான். விடியற்காலை மூன்று மணிக்கு 'இன்னும் இடுபணி முடியல' என்று நான் அனுப்பிய குறுஞ்செய்திகள் அவனிடம் இருந்தன. பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒன்றில்மட்டும் அவன் என்னை மடக்கினான். வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை 2023 சனவரியிலிருந்து 45 ஆனது. ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். "104 வரைக்கும் செய்யலாம்னுதான பாப்பா அர்த்தம்? ஓவர்டைம் இல்லாம அடிப்படைச் சம்பளத்துல மோட்டார் தவணை கட்டி, ஒனக்கும் அனுப்பி..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். என் விடுதிக் கட்டணத்தில் அவன் தூக்கம் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று அந்த இரவு கணக்குப் போட முயன்றேன். முடியவில்லை.

கடைசியில் இரண்டே ஏற்பாடு செய்துகொண்டோம். தொடர்ந்து மூன்று இரவுக்குமேல் ஓவர்டைம் எடுப்பதில்லை. வேலை முடிந்ததும் உடனே மோட்டாரை எடுக்காமல், பாதுகாவலர் கூடத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருபது நிமிடம் தூங்கிவிட்டு, முகம் கழுவி, ஐந்து நிமிடம் நடந்தபிறகு புறப்படுவது. இருபதுக்கு மேல் தூங்கினால் எழுந்ததும் மந்தமாக இருக்கும். பாட்டுப் பாடுவது, கன்னத்தில் அறைந்துகொள்வது, கண்ணாடியை ஏற்றிக் காற்று வாங்குவது எதுவும் தூக்கத்துக்கு ஈடாகாது. முதல்நாள் சக ஊழியர்கள் சிரித்தார்களாம். இப்போது அந்தப் பெஞ்சுக்குப் போட்டி.

சென்ற விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா பால்வெட்டை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்கள் தோட்டத்தில் இப்போது இரப்பர் மரமே இல்லை. ஆனால் நான்கு மணிக்கு இன்னமும் எழுந்துவிடுகிறார். அன்று நான் தூங்காமல் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் சேர்த்து வரக்கோப்பி கலக்கியவர், என்ன நினைத்தாரோ, பிறகு என் குவளையை மட்டும் எடுத்துக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டார்.

"நீ வயித்துல இருக்கப்போ ஒரு நாள் நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்" என்றார். "உளி எறங்கிருச்சு. பட்டைய தாண்டி கட்டையில காயம். மண்டோரு வந்து கேட்டப்ப, பாம்பு வந்துச்சு, கை நடுங்கிருச்சுன்னு சொன்னேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அந்த முச்சந்தியில நாயி கெடையாது. எனக்குத் தெரியாதா?"

ஏழே முக்காலுக்கு அண்ணனின் மோட்டார் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து போய் அவன் அறைச் சன்னலில் கறுப்புத் துணியை இழுத்து மூடினார்.