நடுங்கும் இதயம்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஒசூரில் எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில், ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர் சாய்ந்து விழுந்தார். எங்கள் மதரஸா மாணவன் ஒருவனின் தந்தை. சிப்காட்டில் லேத் பட்டறைத் தொழிலாளி. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மயக்கம் என்றே எண்ணினோம். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். சோடா வாங்கிவரச் சொன்னவன் நான். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. பெங்களூர்ச் சாலை நெரிசலைக் கடந்து ஆட்டோ மருத்துவமனையை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தவணை இறைவன் கையில் என்று ஆறுதல் கூறினார்கள். நானும் அதைப் போதிப்பவன்தான். ஆயினும் அந்தச் சோடா புட்டி என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நான் கலைப் பட்டதாரி, மருத்துவம் அறியாதவன். கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இப்படித் திடீரென விழுபவர்களில் பலருக்கு இதயம் உடனே நின்றுவிடுவதில்லை. ஒழுங்கை இழந்து, குளிர்காய்ச்சல் கண்டவன் உடல்போல் வெறுமனே நடுங்குகிறது, இரத்தத்தை இறைப்பதில்லை. அவ்வேளையில் நெஞ்சின் வழியே செலுத்தும் மின்னதிர்ச்சி அந்த நடுக்கத்தை ஒரு கணம் அடக்க, இதயம் தன் இயல்பான தாளத்தை மீண்டும் தொடங்க வழி பிறக்கிறது. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 விழுக்காட்டைப் பறித்துக்கொள்கிறது. நாங்களோ சோடாவுக்குக் காத்திருந்தோம்!

1947இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கிளாட் பெக் என்னும் மருத்துவர் 14 வயதுச் சிறுவனை இம்முறையில் மீட்டபோது, நெஞ்சைத் திறந்தே செய்ய வேண்டியிருந்தது. இன்று கைப்பெட்டி அளவிலான கருவி போதும். எங்கே ஒட்டுவது, எப்போது விலகி நிற்பது என்று அதுவே பேசி வழிகாட்டும். தேவைப்படாதவருக்கு அதிர்ச்சி தராது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், அங்கேயே மின்னதிர்ச்சி பெற்றுப் பிழைத்து, பின்னர் மீண்டும் விளையாடினார். அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46ஆம் வயதில் மறைந்தார். எல்லை தாண்டி ஒசூரிலும் அதைப் பேசாத வீடில்லை. அவர் பெயரால் கர்நாடக அரசு கொண்டுவந்த இருதயத் திட்டத்தில் பொது இடங்களில் இக்கருவிகளை வைப்பதும் ஓர் அங்கம்.

எங்கள் பள்ளிக்கும் ஒன்று வாங்கலாமென ஜமாஅத் கூட்டத்தில் சொன்னேன். அலங்கார விளக்குகளுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். மூன்று மாதங்கள் ஆயின; விளக்குகள் எரிகின்றன.

கருவி வரும்வரை கை இருக்கிறதல்லவா? 108க்கு ஒருவர் அழைக்க, மற்றொருவர் நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வலுவாக அழுத்தவேண்டும். ஒரு செவிலியரை அழைத்து, தலையணையை வைத்து என் மாணவர்களுக்குப் பழக்கினேன். அந்தத் தொழிலாளியின் மகன்தான் எல்லோரையும்விட உரக்க எண்ணுகிறான்.