ரிச்சி தெருவுக்கு ஒரு பட்டியல்

5.5.2024, ஞாயிறு

கேமிங் கணினி வாங்குவது உறுதியாகிவிட்டது. மானிட்டரும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய், அதற்கு மேல் கிடையாது. அப்பா கேட்டார்: "இதே காசுக்கு நல்ல லேப்டாப்பே வருமேம்மா?" வரும். ஆனால் லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப்பை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். நாலு வருஷத்தில் அது மட்டும் பின்தங்கினாலும் முழு லேப்டாப்பையும் மாற்ற வேண்டியதுதான். டெஸ்க்டாப்பில் திருகைக் கழற்றி வேறு கார்டு மாட்டிக்கொள்ளலாம். சொன்னதும், "சரி, கரண்டு எவ்வளவு இழுக்கும்னு பார்த்து வாங்கு" என்றார். நல்ல கேள்வி. ஒவ்வொரு உறுப்பிடமும் அதைக் கேட்கப்போகிறேன்.

6.5.2024, திங்கள்

பெரும்பாலும் பிராசஸரில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் மானிட்டரில் ஆரம்பித்தேன். மற்ற உறுப்புகளின் வேலையை அளப்பது அதுதான். 1080பி திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 83 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு இத்தனை புள்ளிகளையும் நிரப்பியாக வேண்டும். 144 ஹெர்ட்ஸ் திரைக்கு ஈடுகொடுக்க ஒரு ஃபிரேமுக்கு 7 மில்லி செகண்டுகூடக் கிடைக்காது.

நான் விளையாடப்போவது வேலரண்ட், எல்டன் ரிங். வேலரண்டுக்கு வேகம் வேண்டும், ஆனால் கார்டுக்கு அது பெரிய சுமை இல்லை. எல்டன் ரிங் கணினியில் 60 ஃபிரேமுக்கு மேல் போகாது. 24 அங்குலம், 1080பி, 144 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் என்று எழுதிவிட்டேன்.

8.5.2024, புதன்

இன்று முழுக்க கிராபிக்ஸ் கார்டுதான். கையில் மூன்று பெயர்கள்: ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600, பழைய ஆர்டிஎக்ஸ் 3060. மூன்றும் 1080பி-க்குத் தாராளம். 3060-இல் 12 ஜிபி நினைவகம், மற்ற இரண்டிலும் 8 ஜிபி. இந்த 8 ஜிபி உறுத்தத்தான் செய்கிறது. சில புதிய கேம்களில் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தால் 1080பி-யிலேயே அது நிரம்பிவிடும், ஒரு படி இறக்கி வைக்க வேண்டியிருக்கும்.

முடிவைத் தந்தது வாட் கணக்கு. 3060-க்கு 170, 7600-க்கு 165, 4060-க்கு 115. கார்டு இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாக அறைக்குள்தான் வருகிறது. அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத என் அறையில், இந்த 50 வாட் வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. 4060 எடுக்கிறேன். மொத்தப் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதற்கே போகிறது. அது சரிதான். திரையில் கண்ணுக்குத் தெரிவதை வரைவது இந்தக் கார்டுதானே.

9.5.2024, வியாழன்

ரைசன் 5 5600 எடுத்தால் போர்டும் ரேமும் மலிவு. ஆனால் அது உட்காரும் ஏஎம்4 சாக்கெட் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அந்த சாக்கெட்டின் வரலாறே என்னை அடுத்ததன் பக்கம் தள்ளியது. 2017-இல் முதல் ரைசனோடு போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-யை அதே போர்டில் மாட்டினார்கள். அந்த வசதி எனக்கும் வேண்டும். ஆகவே ஏஎம்5: ரைசன் 5 7600, பி650 போர்டு. ஆறு கோர், பெட்டியிலேயே கூலர். சின்ன கிராபிக்ஸும் உள்ளேயே இருப்பதால், கார்டில் ஏதாவது கோளாறு வந்தாலும் திரையில் படம் தெரியும்.

ஏஎம்5 டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். 32 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், 16 வீதம் இரண்டு. அப்போதுதான் இரண்டு சேனலும் வேலை செய்யும். நாலு ஸ்லாட் இருந்தால் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் மாட்ட வேண்டும். பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும், பயாஸில் எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்யும்வரை அந்த வேகம் வராது.

11.5.2024, சனி

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, கணினி உறுப்புகள் விற்கும் ரிச்சி தெருவுக்கு நடந்தேன். வாங்க இல்லை, விலை கேட்க. ஒரு கடையில் ரெடிமேட் கேமிங் செட் காட்டினார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே கலர் கலராக விளக்கு. "450 வாட் எஸ்எம்பிஎஸ் மேடம், தாராளமா தாங்கும்."

"அண்ணா, எஸ்எம்பிஎஸ் லேபிளைக் கொஞ்சம் காட்டுங்க."

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, எல்லா உறுப்புக்கும் மின்சாரம் தரும் அந்தப் பெட்டியின் லேபிளைக் காட்டினார். +12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் முக்கியமாக இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. நான் எடுக்கும் பிராசஸர் முழு வேலையில் 88 வாட் வரை போகும், கார்டு 115. இரண்டும் சேர்ந்தே 203. பெட்டியின் முகப்பில் 450 என்று அச்சிட்டிருந்தும், விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் இது படுத்துவிடும். பக்கத்துக் கடையில் ஒரு நல்ல நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட். ஐந்து வருஷ வாரண்டி. விலை பல மடங்கு, ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்க மாட்டேன். எஸ்எம்பிஎஸ் கெட்டால் போர்டையும் கார்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகலாம்.

80 பிளஸ் முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்கிறது. ஆம்பியரைத் தெரிந்துகொள்ள லேபிளைப் படித்தே ஆக வேண்டும்.

12.5.2024, ஞாயிறு

கேபினெட்டுக்கு முன்பக்கம் வலை இருக்க வேண்டும், கண்ணாடி வேண்டாம். அறையில் 36 டிகிரி என்றால், எந்த ஃபேனும் உறுப்புகளை அதற்குக் கீழே குளிர்விக்க முடியாது. காற்று தடையில்லாமல் உள்ளே வந்து வெளியேறுவது ஒன்றே வழி. கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டியும் வேண்டும். எங்கள் தெருப் புழுதிக்கு மாதம் ஒருமுறையாவது கழுவ வேண்டியிருக்கும்.

கரண்டு போய்ப் போய் வருகிற ஏரியா, யுபிஎஸ் கட்டாயம். 600 விஏ என்று விற்பவை பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். என் கணக்கு மானிட்டரோடு 300-க்குள் வருகிறது. கார்டை 115 வாட்டில் நிறுத்தியதன் பலன் இங்கேயும் கிடைக்கிறது.

15.5.2024, புதன்

பட்டியல் முடிந்தது. ஒரு டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி-யும் சேர்ந்தாயிற்று. சாட்டா வகை விநாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், இது பல மடங்கு வேகம். விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை.

ஐ7 போடலாமே என்று நண்பர்கள் இன்னும் சொல்கிறார்கள். அந்தப் பணத்துக்குக் கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் குறைக்க வேண்டியிருக்கும். பெரிய பிராசஸர் சின்னக் கார்டுக்காகக் காத்துக்கிடப்பதில் எனக்கு லாபம் இல்லை. திரை கேட்பதைக் கார்டு தர வேண்டும், கார்டு கேட்பதை எஸ்எம்பிஎஸ் தர வேண்டும், இரண்டின் சூட்டையும் கேபினெட் வெளியேற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் இந்த வரிசையில் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

சனிக்கிழமை வாங்கப் போகிறேன். பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் எழுதித் தரச் சொல்ல வேண்டும். வாரண்டி கேட்டுப் போகும்போது கையில் இருக்கப்போவது அந்தப் பில்தான்.