வித்தைக்காரனும் சனமும்

லாச்சப்பலில் நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் பின்னேரம் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் வேலை இருக்காது. ஒருவர் வாங்கில் நித்திரை கொள்வார். இன்னொருவர் ஊருக்கு ரெலிபோன் எடுத்துச் சண்டை பிடிப்பார். நான் குசினிக்குள் நின்று இரண்டு யூரோக் குற்றி ஒன்றை விரல்களுக்கு இடையில் உருட்டிக்கொண்டிருப்பேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவன் நான். 2006 ஆவணியில் ஏ9 பாதையைப் பூட்டினார்கள், என் படிப்பும் அத்தோடு பூட்டுப்பட்டது. 2007இல் பாரிசுக்கு வந்து கோப்பை கழுவத் தொடங்கினேன். சவர்க்காரத் தண்ணீரில் ஊறிய விரலில் குற்றி நிற்காது, வழுக்கும். நிற்கும்வரை பழகினேன். அதற்கு மூன்று வருடம் போனது.

2010இல் கூட வேலை செய்த அண்ணர் தன் மகளின் பிறந்தநாளுக்கு என்னை வித்தை காட்டக் கூப்பிட்டார். லா கூர்நெவ்வில் ஒரு மண்டபம், இருநூறு சனம். உள்ளங்கையில் குற்றியை மறைத்துக் காட்டினேன். என் விரல்கள் ஒரு பிழையும் விடவில்லை. ஆனால் இரண்டு யூரோக் குற்றி மூன்றாவது வரிசைக்குத் தெரியாது என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் விளங்கியது. முதல் இரண்டு வரிசைக்கும் வீடியோக்காரரின் முதுகுதான் தெரிந்தது. பின்னால் இருந்து ஒரு ஐயா, "உது கையுக்குள்ளைதான் கிடக்குது" என்று கத்தினார். உண்மையில் அது கையுக்குள்தான் கிடந்தது. அந்த நேரம் பார்த்துப் பிரியாணிச் சட்டியைத் திறந்தார்கள். மண்டபம் எழும்பியது. நான் கேக்குக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

லாச்சப்பல் மெத்ரோவுக்கு அடுத்த தரிப்பு பார்பெஸ். அங்கே நடைபாதையில் ஒரு மட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து மூன்று சீட்டு விளையாட்டு நடத்துவார்கள். பொன்னத்தோ என்று பிரெஞ்சில் பெயர். சுத்த ஏமாற்று. எனக்கு வகுப்பெடுத்தவர்கள் அவர்கள்தான், கட்டணம் ஐம்பது யூரோ. காசு போன பிறகும் நான் போய்ப் போய்த் தூரத்தில் நின்று பார்த்தேன். ஆரம்பத்தில் அங்கே சனமே இருக்காது. அவர்களுடைய ஆட்கள் இரண்டுபேர்தான் நின்று விளையாடுவார்கள், ஒருத்தன் வென்று சத்தம் போடுவான். அந்தச் சத்தத்துக்கு நாலுபேர் வர, நாலுபேரைக் கண்டு நாற்பதுபேர் வருவார்கள். சீட்டை மாற்றுகிறவன் தன் கையைப் பார்க்கவே மாட்டான். காசு வைத்திருப்பவனின் முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்பான். கேள்வி கேட்டால் மனிதர் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார்கள். அந்த அரை நொடி போதும்.

(நான் அகதி நேர்காணலில் என்ரை கதையை மேசையைப் பார்த்தபடிதான் ஒப்புவித்தேன். முதல் தரம் நிராகரித்தார்கள். சொன்னது அவ்வளவும் உண்மை.)

செப்படி வித்தை என்று நாங்கள் ஏளனமாகச் சொல்கிற வார்த்தைக்குள் இருப்பது செப்பு. சின்னக் கிண்ணம். கிண்ணத்தைக் கவிழ்த்து உருண்டையை மறைக்கிற அதே வித்தைதான், பொஷ் என்ற பழைய ஓவியரின் பெயரில் வழங்கும் ஒரு படத்திலும் இருக்கிறது. பாரிசுக்கு மேற்கே சென்-ஜெர்மன்-ஆன்-லே நகரசபையின் சொத்து அது. படத்தில் ஒருவர் குனிந்து வித்தைக்காரனின் கையில் இருக்கும் உருண்டையையே பார்க்கிறார். அவருக்குப் பின்னால் நிற்பவன் ஆகாயத்தைப் பார்த்தபடி அவருடைய காசுப்பையை எடுக்கிறான். ஐந்நூறு வருடத்துப் பார்பெஸ்.

அப்புறம் வாசித்தது ரொபேர் ஊதன் பற்றி. புளுவா ஊர்க்காரர், மணிக்கூடு செய்கிறவர். 1845இல் பாரிஸ் பலே-றொயாலில் தன் சொந்த அரங்கைத் திறந்தார். அந்தக் காலத்து வித்தைக்காரர் சிலர் நீள அங்கியும் கூம்புத் தொப்பியுமாக நிற்பார்கள். இவர் பார்க்க வந்த கனவான்களைப் போலவே கோட் போட்டுக்கொண்டு நின்றார். வித்தைக்காரன் என்பவன் மந்திரவாதியின் வேடம் கட்டிய நடிகன் என்று எழுதியவர் அவர். அந்த ஒரு விசயம் எனக்குப் பெரிய உதவி. பொருளை மறைப்பதை விட்டுவிட்டு அது மறைந்ததைக் கண்டு நானே திகைக்கப் பழகினேன்.

அதே மனிதரைப் பிரெஞ்சு அரசு 1856இல் அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே சனத்திடம் செல்வாக்கோடு இருந்த மரபூக்கள் எனும் சமயப் பெரியவர்களைவிடப் பிரெஞ்சுக்காரனின் மந்திரம் பெரிதென்று காட்டவேண்டும். ஒரு சின்னப் பெட்டி. குழந்தையும் தூக்கும். பலசாலி ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு "உன் பலத்தை எடுத்துவிட்டேன், இப்போது தூக்கு" என்றார். அடியில் மின்காந்தம். அந்தச் சமன்பாடு எனக்கு இன்றைக்கும் பாடம். தூக்க முடியாமல் அந்தாள் முக்கிக்கொண்டிருக்கும்போது பிடி வழியாக மின்சாரத்தையும் பாய்ச்சினார்கள். அவர் அலறிக்கொண்டு ஓடினார். இதைத் தன் நினைவுக் குறிப்பில் ஊதன் பெருமையாகவே எழுதியிருக்கிறார். நான் வாசித்துவிட்டு இரண்டு நாள் கொதித்தேன். வெள்ளைக்காரனின் புத்தி என்று குசினியில் பிரசங்கமும் வைத்தேன்.

2013 அளவில் என் பெயர் கொஞ்சம் அடிபடத் தொடங்கியிருந்தது. சாப்பாட்டுக்கு முந்தித்தான் மேடை ஏறுவேன். வீடியோக்காரரை முதலே கண்டு கதைத்து ஓரமாக நிற்கச் சொல்வேன். குழந்தைகளை முன்னால் தரையில் இருத்துவேன். "கையுக்குள்ளை கிடக்குது" என்கிற ஐயாவிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, "ஐயா, இதை நீங்கள்தான் பத்திரமாக வைத்திருக்கவேணும்" என்பேன். பொறுப்புக் கொடுத்தால் எங்கடை ஆட்கள் கத்தமாட்டார்கள். துள்ளிக் கை உயர்த்துகிற பிள்ளையைக் கூப்பிடமாட்டேன், ஒதுங்கி இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுவேன். அந்தப் பிள்ளை சிரித்தால் மண்டபமே சிரிக்கும்.

ஒரு ஒன்றுகூடலில் பெரியவர்களிலும் அப்படியே ஒருவரைத் தெரிவுசெய்தேன். பின் வரிசையில் ஒதுங்கியிருந்தார். எங்கள் தெருவில் வேறொரு கடையில் சமையல். அவரிடம் அடையாள அட்டை ஒன்று கேட்டேன். அதை மறையவைத்து, தொடக்கத்திலிருந்தே ஒரு பிள்ளையின் கையில் இருந்த ஒட்டிய கடித உறைக்குள்ளிருந்து எடுப்பதுதான் வித்தை. அவர் தயங்கினார். நான் மைக்கை அவருடைய முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன். வீடியோ லைற் விழுந்தது. சனம் கை தட்டியது. சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார்.

வித்தை திறமாக வந்தது. உறையைக் கிழித்து எடுத்து, அவருடையதுதான் என்று நிரூபிக்க, அட்டையிலிருந்த பெயரை மைக்கில் வாசித்தேன்.

"உது ஆற்றை பேர்?" என்று ஒருவர் கேட்க நாலைந்துபேர் சிரித்தார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. விசா இல்லாதவர்கள் இன்னொருவரின் அட்டையில் வேலை செய்வது லாச்சப்பலில் யாருக்குத்தான் தெரியாது. நானே எட்டு மாதம் அப்படி வேலை செய்தவன். அவர் சிரித்தபடி அட்டையை வாங்கிக்கொண்டு போய் இருந்தார். அட்டைக்காரரின் மைத்துனர் மண்டபத்தில் இருந்திருக்கிறார். இரண்டு நாளில் அட்டை திரும்பிப் போனது, அதோடு அவருடைய வேலையும். நான் செய்ய முடிந்தது வீடியோக்காரரைக் கெஞ்சி அந்தத் துண்டை வெட்டவைத்தது மட்டும்தான். அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ தெரிஞ்சே செய்தனி?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் யாரிடமும் சட்டைப்பையில் இருப்பதைக் கேட்பதில்லை. காசோ சீட்டோ என்னுடையதுதான். பெரியவர்களை மேடைக்கு இழுப்பதுமில்லை, அவர்கள் இருக்கிற கதிரைக்கு நான் போவேன். மாட்டேன் என்று தலையாட்டினால் அடுத்த கதிரை. மின்காந்தம் வைத்தவரைப் பற்றிக் குசினியில் பிரசங்கம் வைப்பதையும் நிறுத்திவிட்டேன்.

2023இல் பிள்ளையார் தேரன்று தெருவெல்லாம் தேங்காய் உடைபட்டுக் கிடக்க, அவரைக் கண்டேன். விசா கிடைத்துக் குடும்பமும் வந்துவிட்டதாம். பக்கத்தில் ஏழு வயது மகள்.

"மாமா வித்தை காட்டுவார், காட் கேட்டால் மட்டும் குடுத்திடாதை" என்று மகளிடம் சொல்லி, தன் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

நான் இரண்டு யூரோக் குற்றியை எடுத்து மறைத்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்து, என்ன வகுப்புப் படிக்கிறீங்கள் என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை.

"மற்றக் கையைக் காட்டுங்கோ" என்றாள்.

காட்டினேன். அதுக்குள்தான் இருந்தது.