பீஸ் கணக்கும் பந்துக் கணக்கும்

திருப்பூரிலிருந்து காங்கயம் சாலையில் பஸ் ஏறி நல்லூரில் இறங்குங்கள். ஈசுவரனைத் தரிசித்த பிறகு, பனியன் கம்பெனிகளில் 'செக்கிங்' பெண்மணிகள் துணியைப் புரட்டும் அழகையும் பார்த்துவிட வேண்டும். ஒரு சின்ன ஓட்டை தப்பாது!

அவர்களில் ஒருவருடைய மகள் பள்ளிக்கூடக் கால்பந்து அணியில் ஆடுகிறாள். "கோலே போடலைன்னு நிறுத்தப் பாக்கறாங்க அம்மணி" என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் சும்மா இருக்கவில்லை. மகள் காலுக்குப் பந்து எத்தனை தரம் வந்தது, எத்தனை தரம் பறிகொடுத்தாள் என்று நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

1950-ல் இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் என்ற விமானப்படைக் கணக்கர் இப்படித்தான் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தார். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் விழுவதைக் கண்டு, பந்தை நீளமாக உதைப்பதே மேல் என்றார். பாவம், கோல் விழாதபோதும் பந்து பெரும்பாலும் மூன்று பாஸுக்குள் எதிரணிக்குப் போய்விடுகிறது என்பதை அவர் சேர்த்துப் பார்க்கவில்லை!

இதைச் சொன்னதும் அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "எண்ணூறு பீஸ் தைச்சவளுக்குப் பத்து டேமேஜ், எண்பது தைச்சவளுக்கு அஞ்சு. அஞ்சுதானேன்னு விட்டுருவாங்களா? மொத்தம் எத்தனைன்னு பாக்கோணுமில்லீங்க?"

அவர் நோட்டின்படி, போன ஆட்டத்தில் மகளுக்கு வந்த பந்து 41, பறிபோனது 6. சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வாத்தியாரைப் பார்க்கப் போகிறாராம்.