சோம்பேறிப் பட்டம்

பிறரைச் சோம்பேறி என்று சொல்வதில் நமக்கெல்லாம் ஒரு தனி ருசி உண்டு. அப்படிச் சொல்லும்போது நாம் சுறுசுறுப்பானவர்கள் என்ற பெருமை செலவில்லாமல் கிடைத்துவிடுகிறதல்லவா? கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தப் பட்டம் புதிதல்ல. சாய்வு நாற்காலியில் கிடந்து மோட்டுவளையைப் பார்ப்பதும் தொழிலில் ஒரு பகுதிதான் என்று சொன்னால் என் வீட்டிலேயே நம்புவாரில்லை. ஆகையால், உலகத்துச் சோம்பேறிகளின் வரிசையில் முன்னால் நிறுத்தப்பட்டிருக்கும் ஒரு பிராணியிடம் எனக்குச் சற்று அனுதாபம் உண்டு.

ஆஸ்திரேலியாவின் கோவாலாவைத்தான் சொல்கிறேன். படத்தில் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறம், பஞ்சு ஒட்டினாற்போல் காதுகள், கறுத்த பெரிய மூக்கு. கரடி என்று சொல்லுகிறார்கள், கரடியல்ல. கங்காருவைப்போல் குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் இனம். நாளின் 24 மணி நேரத்தில் 18, 20 மணி நேரத்தை மரக்கிளையில் தூங்கியும் சும்மா உட்கார்ந்துமே கழித்துவிடும்.

ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அதன் சாப்பாட்டைப் பார்க்க வேண்டாமா? ஜலதோஷம் வந்தால் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்கிறோமே, அந்த நீலகிரித் தைலம் யூகலிப்டஸ் இலையிலிருந்து வடிப்பது. முகர்ந்தால் மருந்து, குடித்தால் விஷம். கோவாலாவுக்குக் காலைப் பலகாரம், இராச் சாப்பாடு எல்லாம் யூகலிப்டஸ் இலைதான். அதிலுள்ள நஞ்சை முறிக்க அதன் கல்லீரல் ஓயாமல் உழைக்கிறது. நாரை ஊறவைத்து நொதிக்கச் செய்வதற்கென்றே குடலில் சுமார் 2 மீட்டர் நீளத்துக்கு ஒரு பை இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டும் கிடைக்கும் சத்து சொற்பம்.

வரவு குறைவு, ஆகவே செலவைச் சுருக்கிக்கொண்டது. முதல் தேதி வாங்கிய சம்பளத்தை முப்பதாம் தேதி வரையில் இழுத்துப் பிடிக்கும் குடும்பஸ்தர், சினிமாவுக்கும் ஹோட்டலுக்கும் போகாமல் வீட்டோடு கிடந்தால் அவரைச் சோம்பேறி என்போமா? கோவாலாவின் மூளைகூட உடம்பின் அளவுக்குச் சிறியதுதான். மூளை நிறையத் தீனி கேட்கும் உறுப்பு. வெயில் நாளில் அது மரத்தண்டைக் கட்டிக்கொண்டு கிடப்பதும் வெறும் சொகுசல்ல. தண்டு காற்றைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால், உடம்பிலுள்ள நீரைச் செலவழிக்காமல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்று 2014-ஆம் ஆண்டில் ஆராய்ந்து சொன்னார்கள்.

பிறக்கும்போது குட்டி சுமார் 2 சென்டிமீட்டர்தான். ஆறு மாதம் பைக்குள் பால் குடித்து வளர்கிறது. பிறகு தாய் அதற்கு ஒரு கூழ் கொடுக்கிறது. சொல்லக் கொஞ்சம் கூச்சமாயிருக்கிறது. அந்தக் கூழ் வருவது தாயின் மலவாயிலிருந்துதான். இலையை ஜீரணிக்க உதவும் நுண்ணுயிர்கள் அதில் இருக்கின்றன. குட்டிக்குக் கிடைக்கும் தாய்வீட்டுச் சீதனம் அதுதான்.

சங்கடமும் அந்தச் சீதனத்திலேயே இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தில் கேப் ஆட்வே என்ற இடத்தில் கோவாலாக்கள் மிகவும் பெருகிவிட்டன. அங்கே அவற்றுக்குப் பிடித்த மரம் 'மேனா கம்' என்ற யூகலிப்டஸ். 2013-ஆம் ஆண்டில் அந்த மரங்களை மொட்டையடித்துவிட்டு ஏராளமானவை பட்டினியில் மாண்டன. இத்தனைக்கும் 'மெஸ்மேட்' என்ற வேறொரு யூகலிப்டஸ் அதே காட்டில் தழைத்து நின்றது. பசித்தவை அதன்பக்கம் போகவில்லை.

"கொழுப்புத்தானே?" என்று கேட்கத் தோன்றும். விஞ்ஞானிகள் அப்படிக் கேட்டு விட்டுவிடவில்லை. மெஸ்மேட் தின்று பழகிய கோவாலாக்களின் சாணத்திலிருந்து நுண்ணுயிர்களை எடுத்து, மாத்திரைக் குப்பிகளில் அடைத்து, மேனா கம்மையே தின்றவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எவற்றின் குடலில் நுண்ணுயிர்கள் அதிகம் மாறினவோ, அவை மெஸ்மேட் இலையையும் அதிகமாகத் தின்றன. 2019-இல் இது வெளியாயிற்று. அதுவரை அந்த இலையைத் தொடாததற்குப் பிடிவாதம் மட்டும் காரணமல்ல. வயிறும் ஒரு காரணம்.

ஐம்பது வயதில் வேலை போனவரைப் பார்த்து, "ஊரில் வேறு வேலையா இல்லை?" என்று கேட்பவர்களை நான் அறிவேன். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒரே வேலைக்கு முப்பது வருஷம் பழகிய கையும் மனசும் மறுநாளே இன்னொன்றுக்குத் திரும்பாது என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் தலைநகர்ப் பிரதேசத்திலும் கோவாலாவை 2022 பிப்ரவரியில் அழியும் அபாயத்திலுள்ள பிராணியென்று அரசாங்கம் அறிவித்தது. காடு வெட்டியதும், நோயும், வறட்சியும், 2019, 20-இல் எரிந்த பெருந்தீயும் சேர்ந்து செய்த வேலை. ஒரு மரத்தை வெட்டிவிட்டு, "பக்கத்து மரத்துக்குப் போகட்டுமே" என்பது சுலபம். பக்கத்து மரத்துக்கு ஏற அதற்குக் காலும் நகமும் இருக்கின்றன. அங்கே போய்ச் சாப்பிட வயிறு வேண்டுமே!